மாப்பிள்ளை ரீலு வாங்கப் போறாராம்

வாங்க மாப்பிள்ளை, திண்ணையில உக்காருங்க. போன்ல இருக்கிற படத்தை அப்புறம் காட்டலாம். பெங்களூர்ல இருந்து ராவெல்லாம் பஸ்ஸுல வந்தவரு, மொதல்ல காப்பியக் குடிங்க. குடிச்சிட்டு எனக்கு ஒரு சந்தேகத்தைத் தீத்து வைங்க. நீங்க பிடிக்கப் போறது என்ன மீனு?

ஏன் கேக்கேன்னா, மார்லின் பிடிக்க தங்கக் கலர்ல மிசினு வாங்குதியன்னு வீட்டுப் பொம்பளைய பேசிக்கிட்டாவ. 130 நம்பராம். நல்ல நம்பருதான். 130 பவுண்டு நூலுக்குன்னே செஞ்ச மிசினு அது, நம்ம கணக்குல 60 கிலோ தாங்குற நூலு. படகுல பூட்டின நாற்காலியில உக்காந்து, இடுப்புல வாரு மாட்டி, மீனு போற பக்கமெல்லாம் படகையே திருப்பிப் பிடிக்கிற பிடி. 1953ல பெரு நாட்டு கபோ பிளாங்கோ கடல்ல ஆல்ஃபிரட் கிளாசெல்னு ஒருத்தரு 1,560 பவுண்டு கருப்பு மார்லின் பிடிச்சாரு. 700 கிலோவுக்கு மேல. அந்தச் சாதனைய இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் முறிக்கல. அவருக்கு எண்ணெய்க் கிணத்துப் பணம் இருந்துச்சு. உங்களுக்கு இஎம்ஐ இருக்கு.

கோவிச்சுக்கப்படாது. நம்ம தூத்துக்குடிக் கடல்ல பைபர் வள்ளத்துல நின்னுக்கிட்டு நீங்க பிடிக்கப் போறது பாரை, சூரை, சீலா, ஊளி. ரொம்ப அதிர்ஷ்டம் இருந்தா ஒரு மயில்மீன் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவும். இதுக்கு 8000, 10000ன்னு நம்பர் போட்ட ஸ்பின்னிங் ரீலு போதும். இரை போட்டுக் காத்துக் கிடக்கதுதான் பிடிக்கும்னா 30 பவுண்டு வகுப்புல ஒரு உருளை ரீலு. 65 பவுண்டு பிரெய்டு நூலு 300 மீட்டர் அதுல ஏறணும், அவ்வளவுதான். பின்ன ஒண்ணு, தீவுப் பக்கம் ஆசைப்பட்டுப் போயிராதிய. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் தேசியப் பூங்கா. அங்கன வனத்துறைக்காரவிய ரீலு என்ன கம்பெனின்னு கேக்க மாட்டாவ, ரீலையே வாங்கி வச்சுக்கிடுவாவ.

சரி, இப்பம் படத்தைக் காட்டுங்க. ஆகா! "அதிகபட்ச டிராக் 25 கிலோ"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கானே. டிராக்குன்னா மீனு இழுக்கையில நூல விட்டுக் குடுக்கிற பிரேக்கு. இதுலதானே மயங்கிட்டிய? உள்ள வந்து ஒரு வாளியில 8 லிட்டர் தண்ணி ஊத்துங்க. வாளியோட சேத்து எட்டரை, ஒம்பது கிலோ வரும். கம்போட நுனியில இருந்து வார நூல்ல வாளியக் கட்டி, கம்பை ஒழுங்கான வளைவுல பிடிச்சித் தூக்குங்க. தரையில நின்னுக்கிட்டுத்தான், ஆடுற வள்ளத்துல கூட இல்ல. ரெண்டு நிமிசம் நின்னியன்னா உங்க மாமியாருகிட்ட சொல்லி மால போடச் சொல்லுதேன். நூலு தாங்குற எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல பிரேக்கு வைக்கப்படாதுன்னு ஒரு கணக்கு. 65 பவுண்டு நூலு ஏறக்குறைய 30 கிலோ தாங்கும், அப்பம் பத்து கிலோ. முடிச்சு இருக்கு, கை நடுக்கம் இருக்கு, அதெல்லாம் கழிச்சா எட்டு. மிச்சம் 17 கிலோவுக்கு நீங்க குடுக்கிற காசு பெட்டியில அச்சடிச்ச மைக்கித்தான்.

எத்தனை கிலோங்கிறத விட எப்படி விட்டுக் குடுக்குதுங்கிறதுதான் டிராக்குல பாக்க வேண்டியது. நூலப் பிடிச்சிப் பைய இழுங்க. சட்டுன்னு ஒரு வெட்டு வெட்டிப் பொறவு ஓடுச்சுன்னா அந்த ரீலை அங்கனயே வச்சிட்டு எந்திரிச்சிருங்க. சூரை கடிச்ச வேகத்துல ஓடுமே, அந்த மொத வெட்டுலதான் நூலு அறும். எட்டு கிலோவுல நூலு ஒரே சீரா வழுக்கிப் போவணும். உள்ள வாஷர் கார்பன் நாரான்னு கேளுங்க. கடைக்காரன் முழிச்சான்னா பெட்டியில எழுதியிருக்கான்னு பாருங்க. அதுவும் இல்லியா, சவத்தைத் தள்ளுங்க.

இந்தப் பிரேக்குக்காக வெளிநாட்டுக்காரன் பட்ட பாடு கொஞ்சமா? ஆதியில ரீலுக்குள்ள பிரேக்கே கிடையாது. மீனு ஓடுனா கைப்பிடி பொறத்தால சுத்தி விரல் மொளியப் பேத்துரும். ஒரு தோல் துண்டைக் கட்டைவிரலால அமுக்கித்தான் மீன நிப்பாட்டுவானுவ. கலிபோர்னியாவுல கேட்டலினான்னு ஒரு தீவு. 1898ல அங்கதான் சார்லஸ் ஹோல்டர்ங்கிறவரு 183 பவுண்டு சூரையக் கம்பு ரீலு போட்டுப் பிடிச்சு, மறு வேலையா ஒரு சூரைச் சங்கமும் ஆரம்பிச்சாரு. பொறவு வில்லியம் போஷன்னு ஒருத்தரு, பிரேக்கை உள்ள வச்சுத் தாங்கன்னு ரீலு செய்யுதவருகிட்ட நச்சரிச்சு வாங்கி, 1913ல 355 பவுண்டு வாள்மீனத் தூக்கினாரு. நம்ம பாட்டனுக்கு அந்த வம்பே இல்ல. கைத்தூண்டிலு, விரல்ல சைக்கிள் டியூப் துண்டு, தோளுதான் பிரேக்கு. அவுகளுக்கு வாரண்டி கார்டும் கிடையாது.

இன்னொரு ரகசியம் சொல்லுதேன், இத ஒரு விற்பனைக்காரனும் சொல்ல மாட்டான். ரீலு நெறய நூலு இருக்கையில எட்டு கிலோன்னு பிரேக்கு வச்சிருக்கிய. மீனு இழுத்துக்கிட்டுப் போயி, உருளையில நூல்கட்டோட விட்டம் பாதியா ஆயிருச்சு. இப்பம் நீங்க ஒண்ணுமே தொடாம அது 16 கிலோ. தண்ணிக்குள்ள கிடக்கிற நூலு இழுக்கிற இழுவை வேற. இந்த நேரம் பாத்து, "மாமா, நூலு தீரப் போவுது!"ன்னு கத்திக்கிட்டு பிரேக்கை முறுக்குவிய பாருங்க, அந்தானைக்கு டப்புன்னு அறும். அப்பம் முறுக்கப்படாது, தளத்தணும். ஆனா எந்த மாப்பிள்ளை தளத்திருக்காரு?

கைப்பிடிகிட்ட நட்சத்திரம் மாதிரித் திருகு வச்ச நட்சத்திர டிராக்கா, லீவர் டிராக்கான்னு கேக்கிய. லீவரு சொகந்தான். தள்ளுனா "ஸ்டிரைக்"னு குறி போட்ட எடத்துல நிக்கும், கரையில அளந்து வச்ச எடத்துக்கே கடல்லயும் திரும்ப வந்துறலாம். ஆனா மலிவு லீவரு ரொம்பத் துன்பம். அந்தக் காசுக்கு நல்ல நட்சத்திர டிராக்கே கிடைக்கும்போது அது எதுக்கு? பென் கம்பெனி 1936ல இருந்து செனட்டர்னு ஒரு ரீலு போட்டானுவ. பாக்க அழகு ஒண்ணும் இருக்காது. ஒரு திருப்புளி இருந்தாப் போதும், பிரிச்சுக் கழுவி வாஷர் மாத்தித் திரும்ப மாட்டிறலாம். கைக் காசு கம்மியா இருக்கவனுக்கு இது மாதிரி பழைய உருப்படி ஒண்ணு கிடைச்சா விடப்படாதுன்னு நான் சொல்லுவேன். உங்களுக்குக் கலரு முக்கியம்னா தங்க பெயிண்டு நம்ம ஆர்டுவேர் கடையில இருக்கு.

12 பேரிங்குன்னு போட்டிருக்கானா? பேரிங்கு கல்யாண வீட்டுல தாய்மாமன் மாதிரி, ஆளு கூடக்கூட கோவிச்சுக்கிடுதவனும் கூடுவான். உப்புத்தண்ணி பட்டா ஒவ்வொண்ணாக் கறகறக்கும். நாலஞ்சு நல்லதா இருந்தாப் போதும். ஐபிஎக்ஸ் 5ங்கானா? தண்ணியப் பீச்சினாத் தாங்கும்னு அர்த்தம், கடலுக்குள்ள முக்கி எடுத்தாத் தாங்கும்னு இல்ல. கியர் கணக்கு 6.2க்கு 1ன்னா வெரசாச் சுத்தும், பாப்பருங்கிற பொய் இரைய எறிய நல்லது. கனத்த மீனு வள்ளத்துக்கு அடியில போய் நிக்கையில மட்டும் முழங்கை கெஞ்சும்.

செகண்ட் ஹேண்டு பாக்கப் போறதுன்னா என்னையும் கூட்டிட்டுப் போங்க, வடை வாங்கித் தந்தாப் போதும். இல்ல தனியாத்தான் போவேன்னா கேட்டுக்கிடுங்க. கைப்பிடியப் பைய சுத்திக் காதுகிட்ட வைங்க. கறகறப்பு கேட்டா உப்பு உள்ள குடியிருக்கு. கைப்பிடியப் பின்னால தள்ளிப் பாருங்க, ஆட்டம் இருக்கக்கூடாது. ஸ்பூலு வெளிம்புல நகத்தால சுத்தித் தடவுங்க. ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் பிரெய்டை அறுத்துரும். நூலு திரும்புத எடத்துல ஒரு குட்டி உருளை இருக்குமே, அத விரலால சுத்திப் பாருங்க, இறுகிக் கிடந்தா நூலு சூடேறி நாசம். கம்புல மாட்டுத காலுல வெள்ளைப் பொடி பூத்திருந்தா அலுமினியம் அரிக்குதுன்னு அர்த்தம். முக்கியமா திருகாணித் தலையப் பாருங்க. மழுங்கிக் கிடந்தா எவனோ கோட்டிக்காரன் திறந்து நோண்டியிருக்கான். பேருல ஒரு எழுத்து மட்டும் மாறின ரீலும் வருது. பாதி வெலைக்குக் குடுத்தாலும் வேண்டாம்.

கையில 20,000 ரூவாயா? லட்சத்தைத் தாண்டுத ரீலும் கடையில இருக்கு, பாத்துக் கும்பிட்டுட்டு வந்துருங்க. உங்க 20,000த்தையும் ரீலுல கொட்டவும் வேண்டாம். நாலுல ஒரு பங்கை ஒதுக்கி வைங்க. நல்ல பிரெய்டு, கீழ வழுக்காம இருக்க கொஞ்சம் தங்கூசி, முன்னால கட்ட தடிச்ச லீடரு, வளையாத முள்ளு, சுத்துத சுவிவலு. பத்து ரூவா சுவிவலுல போற மீனுதான் ஜாஸ்தி. முடிச்சு ஓசி, ராத்திரி டிவி பாக்கையில கட்டிப் பழகுங்க.

கடலுக்குப் போயிட்டு வந்தா டிராக்கை இறுக்கி வச்சு நல்ல தண்ணிய மேல பூப்போலத் தெளிங்க. ஓஸ் பைப்பால பீச்சுனா வெளிய இருக்க உப்பு உள்ள போயிரும். காஞ்ச பொறவு டிராக்கைத் தளத்தி வைங்க, வாஷரு அமுங்கிக் கிடக்கப்படாது. மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற ஸ்பிரேய எடுத்து டிராக்குக்குள்ள அடிக்கதா இருந்தா மட்டும் என்கிட்ட சொல்லாதிய, எனக்கு பிரஷரு இருக்கு.

ரீலு வந்ததும் கொண்டாங்க, ஞாயித்துக்கிழம வெள்ளனத்துல கடலுக்குப் போவோம். மத்தியானக் குழம்புக்குச் சீலா ரெண்டு கிலோ சந்தையில வாங்கி வைக்கச் சொல்லி எங்க வீட்டுல ஏற்கெனவே சொல்லிப்புட்டேன்.