ஒதுக்கியாச்சாம்லே!

என்னலே பேராண்டி, சீமைல புது வீட்டுக்குக் குடிபோனவன் இப்படியா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்ப? உங்க கவுன்சில்காரன் கோடிக்கணக்குல பணத்த அமுக்கிட்டான்னு பேப்பர்ல போட்டானாக்கும். நீயும் நம்பிட்ட.

உக்காரு, சொல்லுதேன். இங்கிலாந்துல வீடு கட்டி விக்கவன், அங்க குடிவார பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம், ரோடு, பார்க்குன்னு பங்கு குடுக்கணும். 1990-ல வந்த சட்டத்துல 106-ஆம் பிரிவு அது. 2010-லேருந்து சதுர மீட்டருக்கு இவ்வளவுன்னு ஒரு லெவியும் உண்டு, வேணுங்குற கவுன்சில் போட்டுக்கிடலாம். 106-ல வார பணம் பத்திரம் எழுதி வாங்குத பணம்லே. பள்ளிக்கூடத்துக்குன்னு எழுதினத ரோட்டுப் பள்ளத்துல கொட்ட முடியாது. மக கல்யாணத்துக்கு எடுத்து வச்சத மாட்டுச்சந்தைல விட்டா உன் ஆச்சி சும்மா இருப்பாளா? அதுவும் ஒரு பள்ளிக்கூடம் எழும்பணும்னா நாலஞ்சு மனைக்காரன் பங்கு சேரணும். ஒருத்தன் இத்தன வீடு முடிஞ்சாத்தான் தருவேம்பான்.

இது எதையும் தலைப்புல போட எடம் இருக்கா? இல்ல. வீடு கட்டுதவங்க சங்கம், இங்கிலாந்து வேல்ஸ் கவுன்சில்கள்ட்ட 800 கோடி பவுண்டு செலவாகாமக் கெடக்குன்னு கணக்குச் சொல்லிச்சு. குடுத்த கட்சி சொல்லுத கணக்கு, பாத்துக்கோ. பேப்பர்காரன் அத வாங்கிக் கொட்டை எழுத்துல போட்டுட்டான்.

கவுன்சில் சும்மா இருக்குமா? திரிச்சு எழுதிட்டான்னு அறிக்கை விடுதாவ. பணம் கெடக்கல, ஒதுக்கியாச்சாம். ஒதுக்கின பணத்துல எந்தப் பிள்ளைலே உக்காந்து படிக்கும்? மறுப்பு எழுத ஒரு ஆபீசரு, அதத் திருத்த இன்னொரு ஆபீசரு. ராவோட ராவா அறிக்கை தயார். அந்த வேகத்துல பள்ளிக்கூடத்துக்கு வானம் தோண்டியிருந்தா பேப்பர்காரன் என்னத்த எழுதியிருப்பான்?

இன்னொன்னு சொல்லுதேன், யாரும் வாயத் தொறக்க மாட்டாவ. பல பத்திரத்துல அஞ்சு வருசம், பத்து வருசம்னு கெடு இருக்கு. தாண்டிட்டா பணம் கட்டடக்காரன் கைக்கே திரும்பிரும். அப்ப பேப்பர்காரனும் கவுன்சிலும் சண்டை போட்டு நாளக் கடத்துனா லாபம் யாருக்குலே?

வருசா வருசம் டிசம்பர் 31-க்குள்ள வரவு, செலவு, மிச்சம்னு கவுன்சில் கணக்கு வெளியிட்டாகணும். அது சட்டம். நீ அதத் தொறந்து உன் தெருவுக்கு எழுதின தொகையத் தேடு. என்ன வேலை, கெடு என்னைக்கின்னு கவுன்சிலர்ட்ட எழுத்துல கேளு. பதில் வரும்வரைக்கும் ரெண்டு பேரையும் நம்பாத.