கழற்றினது கழற்றியாச்சு

போன சனிக்கிழமையும் டார்ச் பிடிக்கக் கூப்பிட்டார்கள். டெக்சாஸில், ஆஸ்டினை ஒட்டிய ஊரில் குடியிருக்கும் இந்தக் கட்டுரையாளருக்கு இயந்திர ஞானம் சுத்தமாகக் கிடையாது. தெருவுக்கே தெரிந்த விஷயம். ஆனால் அவர் சும்மா இருப்பது மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் எப்படியோ தெரிந்துவிடுகிறது. வண்டிக்கு அடியில் டார்ச் பிடித்துப் பழகியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளிச்சம் எங்கே விழுந்தாலும் அது தப்பான இடம். "அங்கே இல்லை, இங்கே" என்பார் மல்லாந்து கிடக்கிறவர். அவருடைய இரண்டு கையும் உள்ளே இருக்கும்போது 'இங்கே' எங்கே என்று யார் காட்டுவது?

எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து வீட்டுக்காரரின் 1986 ஃபோர்டு எஃப்-250 டீசல் பிக்கப். 6.9 லிட்டர் வி8 இன்ஜின். ஃபோர்டின் சொந்தத் தயாரிப்பு அல்ல, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரிடம் வாங்கிப் பூட்டியது. அதில் ஒரு குறையும் இல்லை. அதன் பின்னால் நிற்கும் சி6 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில்தான் வில்லங்கம். மொத்தமே மூன்று கியர். மூன்றாவதில் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. ஓவர்டிரைவ் என்ற பேச்சே இல்லை. பின் ஆக்சில் 4.10 என்பதால், 65 மைல் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்று சுற்றும். 3,300-இல் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கழுத்தைப் பிடித்துவிடும். உள்ளே உட்கார்ந்து பேச முடியாது, கத்தலாம்.

ஃபோர்டைத் திட்டுவதைவிட நிக்சனைத் திட்டுவது நியாயம். எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, 1974 ஜனவரியில் அவர் கையெழுத்துப் போட்ட சட்டம் நாடு முழுக்க வேகத்தை 55 மைலில் கட்டிப்போட்டது. அந்த வேகத்துக்கு மூன்று கியர் தாராளம். 1987-இல் கிராமப்புற இன்டர்ஸ்டேட் சாலைகளில் 65 ஆக்கினார்கள். 1995-இல் கட்டுப்பாட்டையே தூக்கிவிட்டார்கள். 2012-இல் ஆஸ்டின் பக்கத்து ஸ்டேட் ஹைவே 130-இன் ஒரு பகுதியில் 85 மைல் என்று பலகை நட்டார்கள். அமெரிக்காவிலேயே அதுதான் உச்சம். 75-ஐத் தொடுவதற்குள் மூச்சு முட்டும் வண்டியில் அந்தச் சாலையில் போனால், பின்னால் வருகிற ஒவ்வொருவரும் கடந்து போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறார்கள். ஓட்டுகிறவரை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை.

ஆகவே ஓவர்டிரைவ் வேண்டும். தேர்வானது ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனியின் எஸ்5-42, ஐந்து கியர் கொண்ட மேனுவல். 1915-இல் செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனி. ஐந்தாவது கியர் 0.76. அதே 65 மைலுக்கு இன்ஜின் 2,150 சுற்று சுற்றினால் போதும்.

இருக்கிற சி6-இன் பின்னாலேயே பூட்டிக்கொள்ளும் தனி ஓவர்டிரைவ் யூனிட்டும் கடையில் கிடைக்கிறது. கியர்பாக்ஸைக் கழற்றவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் அதை நிராகரித்த காரணமும் அதுவேதான்.

கழற்றினார். இசட்எஃப் பெட்டியில் பெல் ஹவுசிங் உடம்போடு ஒட்டி வார்த்தது. பெட்ரோல் வண்டிப் பெட்டி டீசல் இன்ஜினில் உட்காராது. பழைய வண்டி உடைக்கும் இடங்களில் அலைந்து 1993 மாடல் டீசல் வண்டியிலிருந்து ஒன்று பிடித்தார். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் பெடல் ஏது? பெடல் செட் தேடினார். பெடல் வந்தால் மாஸ்டர் சிலிண்டர், அதற்கு ஃபயர்வாலில் ஓட்டை. அந்தக் காலத்து ஃபோர்டு பிக்கப்களில் அந்த இடத்துத் தகடு மிதிக்க மிதிக்க வளைந்து விரிசல் விடும் என்பதால் பட்டையும் வைத்தார். சரி, இதெல்லாம் தேவை.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. கழற்றினது கழற்றியாச்சு, ரியர் மெயின் சீலையும் மாற்றிவிடலாம். சீல் மாற்றியாச்சு, மேனுவலுக்கான இரட்டை ஃப்ளைவீலுக்குப் பதில் சாலிட் ஃப்ளைவீல் போட்டுவிடலாம். (போட்டால் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடவென்று ஆடும், ஆடட்டும் என்றார்.) ஜாக்கி வைத்தாச்சு, இன்ஜின் மவுண்ட்டையும் பார்த்துவிடலாம். கியர் கம்பிக்காகத் தரையை வெட்டக் கார்பெட்டைத் தூக்கியாச்சு, அடியில் துரு, சுரண்டிப் பெயின்ட் அடித்துவிடலாம். பெயின்ட் அடிக்க சீட்டை இறக்கியாச்சு, ரெக்சின் மாற்றிவிடலாம். சீட் இல்லாததால் டாஷ்போர்டுக்குள் கை போகிறது, ஹீட்டர் கோரையும் மாற்றிவிடலாம். ஹீட்டர் கோருக்காகத் தண்ணீரை இறக்கியாச்சு, ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். வைப்பர் மோட்டார் எந்த வழியாக இந்தப் பட்டியலுக்குள் நுழைந்தது என்று கட்டுரையாளருக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் மாற்றும்போது டார்ச் பிடித்தார். குழாய்க்கு வாஷர் போடப் போய்க் குளியலறை டைல்ஸை மாற்றிவிட்டு வந்தவர்கள் இங்கே சிரிக்க வேண்டாம்.

சி6-ஐ அவர் வெறுத்ததற்கு ஒரு நியாயம் உண்டு. அது எப்போது கியர் மாற்றுவது என்பதை இன்ஜினின் வேக்குவத்தைப் பார்த்து முடிவு செய்யும். டீசல் இன்ஜினில் அந்த வேக்குவம் உருவாவதில்லை. அதனால் வேக்குவம் உண்டாக்க ஒரு பம்ப், அந்த வேக்குவத்தைக் கியர்பாக்ஸுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்க ஒரு வால்வு. இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பவைத்தே வண்டி இத்தனை காலம் ஓடியிருக்கிறது. ஆட்டோமேட்டிக்கை ஒழித்த சந்தோஷத்தில் கியர் ஆயில் வாங்கப் போனவருக்கு அடுத்த அடி. இசட்எஃப் மேனுவலுக்கு ஊற்ற வேண்டியது ஆட்டோமேட்டிக் எண்ணெய்தான்.

இப்போது வண்டி ஓடுகிறது, ஸ்பீடோமீட்டர் ஓடவில்லை. 1986 வண்டிக்குக் கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வர வேண்டும். 1993 பெட்டியில் கேபிள் சொருக இடமே இல்லை. அந்த மாடலில் வேகம் பார்ப்பது பின் ஆக்சிலில் இருக்கும் சென்சார். முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது, கூடவே ஓடோமீட்டரும். கேலனுக்கு எத்தனை மைல் என்று கட்டுரையாளர் கேட்டால், கேலன் கணக்குக் கிடைக்கிறது, மைல் கணக்கு இல்லை. போனில் பார்த்துக்கொள்ளலாமே என்றால், அது சரியான முறை இல்லையாம். சென்சார் வைத்த பின் ஆக்சில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆக்சிலே மாறும்போது 4.10 எதற்கு, 3.55-ஆகப் பார்த்துவிடலாம் என்கிறார். வெறும் 3.55-ஐ மட்டும் முதலிலேயே போட்டிருந்தால், பழைய சி6-ஓடேயே 65 மைலுக்குச் சுற்று 2,450-க்கு இறங்கியிருக்கும், பாதிக்கு மேல் லாபம் அப்போதே கைக்கு வந்திருக்கும். கட்டுரையாளர் இதைச் சத்தமாகவே சொன்னார். வண்டி நியூட்ரலில் நின்றுகொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.