கப்பற் காதலும் குமட்டலும்: ஒரு திருச்சிராப்பள்ளி ஆய்வு

தமிழ்ச் சரித்திரத் தொடர்கதைகளில் கப்பலேறிய எந்த நாயகியும் வாந்தி எடுத்ததாக வாசகர் யாருக்கும் நினைவில்லை. புயல் அடிக்கும், பாய்மரம் முறியும், கொள்ளையர் ஏறுவார்கள். அவள் கூந்தல் அலையும், வயிறு மட்டும் அலையாது. உடற்கூற்றில் இத்தனை பெரிய அதிசயம் நடந்தும் எந்தப் பல்கலைக்கழகமும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம் என்க.

ஆய்வுக் களம் திருச்சியும் ஸ்ரீரங்கமும். கடலே இல்லாத ஊரில் கடலாய்வா எனின், ஆம், அதனால்தான். நாகப்பட்டினத்துக் கடற்கரை இங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர். ஸ்ரீரங்கம் தீவுதான் என்றாலும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு. கோடையில் அதைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் மணல். ஆனாலும் தமிழ் வாசகர்களை மொத்தமாகக் கப்பலேற்றிய இருவர் இந்த ஊரில் படித்தவர்கள். கல்கி, திருச்சி நேஷனல் ஹைஸ்கூல் மாணவர். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை உதறியவர். சாண்டில்யன், புனித ஜோசப் கல்லூரி மாணவர். அக்கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் மலைக்கோட்டையின் உச்சிப்பிள்ளையார் வரை ஏறினாலும் கடல் தெரியாது. ஐயமுள்ளோர் படியேறிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதற் சான்று, 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்'. கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குப் பூங்குழலி துடுப்புப் போட, வந்தியத்தேவன் படகில் உட்கார்ந்திருக்கிறான். ஆணும் பெண்ணும் நடுக்கடலில் தனியாக. ஒன்றும் நடக்கவில்லை. காரணம் ஒழுக்கம் என்பர் முன்னையோர். அது பொருந்தாது. அவன் மனசு பழையாறைக் குந்தவையிடம். அவள் மனசு அருள்மொழிவர்மனிடம். இருவரும் தத்தம் நங்கூரத்தை வேறு துறைமுகத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். காதலைக் களங்கமில்லாமல் வைத்துக்கொள்ள இதைவிடச் சிக்கனமான வழியைப் பிற்காலத்தார் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அதே கதையில் வந்தியத்தேவன் மாட்டிக்கொண்ட கப்பலில் இடி விழுந்து தீப்பிடிக்கிறது. இளவரசர் அருள்மொழிவர்மர் புயலுக்குள் பாய்ந்து அவனைக் காப்பாற்ற, இருவரையும் பூங்குழலியின் படகு மீட்கிறது. பிறகு இளவரசருக்கு வருவது காய்ச்சல். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு. இந்த இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. காய்ச்சல் கௌரவமான நோய். அருகில் உட்காரலாம், நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம், கண் கலங்கலாம். குமட்டலுக்கு இதில் எதுவும் கிடையாது. அருகில் இருப்பவர் நகர்ந்துவிடுவார்.

சாண்டில்யனின் 'கடல் புறா' குமுதத்தில் வாராவாரம் மிதந்தது. கப்பலுக்கே நாயகிக்குரிய பெயர். அதன் தலைவன் இளையபல்லவன். அவன் மனத்தில் இடம் பிடிக்கக் கடாரத்துக் காஞ்சனாதேவி, அட்சயமுனை மஞ்சளழகி என இருவர். சாண்டில்யனின் வருணனை கல்கியுடையதைப் போல அடக்க ஒடுக்கமானதன்று. அது எல்லை தாண்டுமோ என்று வாசகர் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில் 'தொடரும்' வந்து நிற்கும். அந்த ஒரு சொல் பார்த்த காவல் வேலையை எந்த அந்தப்புரக் காவலனும் பார்த்ததில்லை.

மறுதலைச் சான்றும் உண்டு. திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர் கடலை நன்றாக அறிந்தவர். 1910இல் லண்டனிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, கப்பலில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் கண்டு சந்தேகப்பட்ட ஒற்றனிடம், அது வீர விக்ரம் சிங் என்று சமாளித்ததாகச் சொல்வார்கள். இப்பேர்ப்பட்டவர் 'மங்கையர்க்கரசியின் காதல்' எழுதினார். அத்தொகுப்பின் புகழ்பெற்ற கதையைச் சொல்வது ஓர் அரசமரம். குளத்தங்கரையில் நிற்பது, அசையாதது. கப்பலில் வந்தவர் நிலையாக நிற்கும் மரத்தைத் தேடிப் பிடித்ததற்குக் குமட்டலே காரணம் என்று இவ்வாய்வு துணிகிறது. ஆதாரம் இல்லை, ஆய்வேடுகளுக்கு அது தடையாக இருந்ததும் இல்லை.

நிஜக் கப்பலுக்கு வருவோம். 1926இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பெரும்பாலோர் பாயும் டிரங்குப் பெட்டியுமாகத் தளத்தில் கிடந்தவர்கள். ஒரு பக்கம் சித்தப்பா, மறுபக்கம் யாரோ ஒருவரின் ஊறுகாய் ஜாடி. கண்ணும் கண்ணும் நோக்க வேண்டுமானால் நடுவே பத்துத் தலைகளைத் தாண்ட வேண்டும். திருச்சி வழியாகத் தனுஷ்கோடி போன போட் மெயில் ரயில் பயணிகளுக்கோ தலைமன்னார் வரை சுமார் 35 கிலோமீட்டர்தான் கடல். காதல் அரும்புவது இருக்கட்டும், குமட்டல் முற்றவே நேரம் போதாது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும் அந்த வழியும் போயிற்று.

குமட்டலின் காரணம் உள்காதில் இருக்கிறது. அங்குள்ள திரவம் 'ஆடுகிறோம்' என்கிறது. எதிரே அசையாத அறைச் சுவரைப் பார்க்கும் கண் 'இல்லையே' என்கிறது. இரண்டுக்கும் நடுவே மூளை குழம்ப, பழி வயிற்றின்மேல் விழுகிறது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றபடி செல்போன் படிப்பவருக்கும் இதே நிலைதான். தொடுவானத்தைப் பார்த்தால் சற்றுத் தணியும். ஆகவே நாயகி எப்போதும் தளத்தின் விளிம்பில் நின்று தொலைவை வெறித்தது காதல் ஏக்கத்தால் அன்று, மருத்துவக் காரணத்தால் என்று கொள்வதே பொருத்தம்.

நீர் கடந்த காதலுக்கு உள்ளூர்ச் சான்றும் ஒன்று உண்டு. பங்குனியில் ஸ்ரீரங்கம் கோயில் உற்சவர் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் போய், சோழன் மகளான கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார். சரித்திரக் காதலுக்கு வேண்டிய இளவரசியும் ஆறும் இதில் இருக்கின்றன. ஸ்ரீரங்கம் திரும்பினால் ரங்கநாயகித் தாயார் சந்நிதிக் கதவு சாத்தப்படுகிறது. பூவும் பழமும் பறந்து வருகின்றன. நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் பேச வேண்டியிருக்கிறது. பிரணய கலகம் என்று பெயர். இளையபல்லவன் இரண்டு நாயகிகளையும் கூட்டிக்கொண்டு உறையூர்ப் பக்கம் குடிவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தனி ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம். மானியம் கிடைத்தால் அடுத்த பங்குனிக்குள் தொடங்கிவிடலாம்.