முடித்துவைக்கப்பட்ட மனுக்கள் தொடர்பாக

அனுப்புநர்: இ-சேவைப் பதிவுக்கான கேன் எண் உடைய குடிமகன்.
பெறுநர்: மின்னாளுமைக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்.
பொருள்: தங்கள் புள்ளிவிவரப் பலகையில் எகிறும் எண்ணிக்கைக்கு வாழ்த்துத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மனுக்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடுவதாகப் பெருமையோடு அறிவிக்கிறீர்கள். அது எங்கிருந்து ஊறுகிறது என்பதை இ-சேவை மைய வரிசையில் நின்று கண்டுகொண்டேன். ஊற்றுக்கண்களில் நானும் ஒருவன்.

மகளின் உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படியேறுகிறது. தாள் நடந்த அதே வழியில்தான் கோப்பும் நடக்கிறது. மேசை ஒன்றுகூடக் குறையவில்லை, மேசைக்கொரு பாஸ்வேர்டு கூடியிருக்கிறது. கெடு தாண்டினால் மனு திரையில் சிவப்பாகிவிடுமாம். நிராகரித்துவிட்டால்? 'முடித்துவைக்கப்பட்டது', பச்சை! எனவே கெடுவுக்கு முந்தின மாலை எனக்குக் குறுஞ்செய்தி வந்தது: ஆவணம் தெளிவாக இல்லை. மறுநாள் அதே ஆவணத்தை, அதே ஸ்கேனரில், மறுபடி 60 ரூபாய் கட்டி ஏற்றினேன். சான்று கிடைத்தது. தேவை ஒன்று, மனு இரண்டு, இரண்டும் பச்சை. அந்த ஸ்கேனருக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

முறைமைச் சிந்தனை என்று ஒன்று உண்டு. பாகங்களைத் தனித்தனியே துடைத்துப் பளபளப்பாக்காமல், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று எங்கே ஆடுகிறது என்று பார்க்கச் சொல்வது. அந்த வழிவந்த ஜான் செடன் என்ற பிரிட்டன்காரர், முதல் தடவையே ஒழுங்காகச் செய்யாததால் திரும்பத் திரும்ப வரும் வேலையைத் தனியாகப் பிரித்து எண்ணச் சொன்னார். அதன் பெயர் 'தோல்வித் தேவை'. தயவுசெய்து அவரை அழைத்துவிடாதீர்கள். பலகையில் பாதி எண்களை அழித்துவிட்டுப் போய்விடுவார்.

எஸ்டோனியா வழியும் வேண்டாம். ஏறத்தாழ 14 லட்சம் பேர் கொண்ட அந்த நாடு 2001-இல் 'எக்ஸ்-ரோடு' என்ற தரவுப் பாலத்தைப் போட்டது. அரசின் ஒரு கைக்குத் தெரிந்ததை இன்னொரு கை குடிமகனிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது அங்கே கொள்கை. அலுவலகங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன. குடும்ப விவரம் ரேஷன் அட்டையில், நிலம் பட்டாவில், முகவரி ஆதாரில் என்று எல்லாம் தங்களிடமே இருக்க, அவற்றை ஒன்றோடொன்று பேசவிட்டால் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் என்ன ஆவது? இப்போதைக்கு அவற்றுக்கிடையே தூது போவது நான்தான். அந்தப் பணிக்குப் பயணப்படி உண்டா என்று தெரிவிக்கவும்.

என் பணிவான கோரிக்கை இதுதான். பலகையில் இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும்: ஒரே சான்றுக்காக ஒரே ஆள் எத்தனை முறை வந்தார்? அதையும் பச்சையிலேயே காட்டுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரவுப் பாலம்.

இணைப்பு: ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், இவை ஏற்கெனவே தங்களிடம் உள்ளன என்பதற்கான சுய உறுதிமொழி.