பூர்வீகச் சொத்தாக ஓர் ஆடு

டொமினியன் என்ற சீட்டு விளையாட்டுக்கு ‘நாக்டர்ன்’ என்றொரு விரிவாக்கப் பெட்டி இருக்கிறது. 2017இல் வந்தது. உள்ளே 500 சீட்டுகள்: பேய், ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், குட்டிச் சாத்தான். வாங்கலாமா, வேண்டாமா? இந்த ஒரு கேள்வியால் எங்கள் வீட்டில் மற்ற விவாதங்கள் எல்லாம் ஓய்ந்துபோயிருக்கின்றன.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2008இல் டொனால்ட் எக்ஸ். வக்காரினோ உருவாக்கியது, மறு வருஷமே ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ விருதை வாங்கியது. எல்லோரும் ஏழு செப்புக்காசு, மூன்று துண்டு நிலத்தோடு தொடங்குவோம். முறைக்கு ஐந்து சீட்டு எடுத்து, அதிலுள்ள காசுக்கு நடுவில் அடுக்கியிருப்பதில் ஒன்றை வாங்கலாம். ஆட்டம் முடிகிறபோது நிலபுலன் அதிகம் வைத்திருப்பவர் ஜெயிப்பார். ஆனால் அதுவரை அந்த நிலம் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லாமல் கையை அடைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கடன் கட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தின் ஆகச் சிறந்த சீட்டு எது என்றால், சேப்பல் என்பேன். விலை இரண்டே காசு. கையிலிருக்கும் குப்பையில் நான்கு சீட்டுவரை ஒரேயடியாகத் தூக்கி எறிய விடும், அவ்வளவுதான் அதன் வேலை. சேர்க்கிறவன் தோற்பான், கழிக்கிறவன் ஜெயிப்பான் என்று சொல்லித்தருகிற ஆட்டத்துக்குத்தான் பத்துக்கும் மேற்பட்ட விரிவாக்கங்கள்!

சரி, இருக்கிற பெட்டி அலுத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. என்னிடம் உள்ள இரண்டாம் பதிப்பில் 26 வகை ராஜ்யச் சீட்டுகள். ஓர் ஆட்டத்துக்குப் பத்து வகை. கணக்குப் போட்டால் 53,11,735 விதமாகப் பத்தைப் பொறுக்கலாம். ஆட்டம் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, சோறு தண்ணி இல்லாமல் ஆடினாலும் முடிக்க 300 வருஷம் ஆகும். நாக்டர்னின் 33 வகையும் சேர்ந்தால் எண்ணிக்கை 6,282 கோடியைத் தாண்டும். இந்தக் கணக்கை என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். “எனக்கு எல்லாம் ஒண்ணுதாங்க” என்றாள்.

அவள் சொன்னது நிஜம். அந்த 26 வகையையும் அவள் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வெள்ளி வாங்குவாள், தங்கம் வாங்குவாள், எட்டுக் காசு சேர்ந்ததும் மாகாணம் வாங்குவாள். ஆட்டக்காரர்கள் இதை ‘பிக் மணி’ என்பார்கள். நான் கிராமம், சந்தை, சோதனைச்சாலை என்று ஒன்றோடொன்று கோத்து ஒரு நகரத்தையே கட்டி முடிப்பதற்குள் அவள் மாகாணங்களில் பாதிக்கு மேல் பத்திரம் முடித்திருப்பாள். ஒருமுறை மிலிஷியா சீட்டை இறக்கி, மூன்று சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே போடச் சொன்னேன். மூன்றும் தங்கம். ஒன்பது காசு. இன்னொரு மாகாணம்.

நாக்டர்ன் மேல் எனக்கு வந்த ஆசைக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். அதில் 12 வரங்களும் 12 சாபங்களும் உண்டு. பஞ்சம், கொள்ளைநோய், வெட்டுக்கிளி, வறுமை என எதிராளிமேல் ஏவலாம். வாங்கி முடித்த பிறகு ‘இரவு’ என்று தனியாக ஒரு கட்டமும் வருகிறது. ஓநாய் மனிதனை அப்போது இறக்கினால் எதிராளிக்குச் சாபம். பூர்வீகச் சொத்தும் உண்டு: செப்புக்காசு ஒன்றுக்குப் பதிலாக ஓர் ஆடோ, மந்திர விளக்கோ, தீண்டினால் தோஷம் ஒட்டுகிற தங்கமோ கையில் வரும். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக ஒருவனுக்குப் பூர்வீகச் சொத்து கிடைக்கிற வாய்ப்பு இது.

ஆனால் ஒவ்வொரு வரத்தையும் சாபத்தையும் எடுத்துப் படித்து, அர்த்தம் பேசி முடிப்பதற்குள் ஆட்டத்தின் வேகம் போய்விடும். பேய் ஆட்டத்தில் விதிமுறைப் புத்தகம்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. கடைசியில் ஆட்டைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அவள் தங்கம் வாங்கிக்கொண்டிருப்பாள். இதுவே ‘ப்ராஸ்பெரிட்டி’ விரிவாக்கம் என்றால் பிளாட்டினம் ஐந்து காசு, காலனி பத்துப் புள்ளி. ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். ஆனால் பணத்தால் ஜெயிக்கிறவளுக்கு இன்னும் பெரிய பணத்தை நானே வாங்கிக்கொடுப்பதா?

ஆகவே இப்போதைக்கு எதையும் வாங்குவதாக இல்லை. ஆசைப்பட்டு நாக்டர்ன் வாங்கி, அலமாரியில் தூங்கவிட்டிருக்கிற புண்ணியவான் யாராவது இருந்தால் ஒரு வாரம் இரவல் கொடுங்கள். அந்த 12 சாபங்கள் மட்டும் போதும், ஆட்டை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.