மோடத்தின் ஓலம்: யாப்பு நோக்கில் ஓர் ஆராய்ச்சி

தொலைபேசிக் கம்பி வழியே கணிப்பொறிகள் சம்பாஷிக்க இடைநின்று உதவும் மோடம் என்னும் சிறு பெட்டி, வேண்டிய வேளையில் ஏன் கைவிடுகிறது என்ற விசாரணையை மார்டள்ளியை நிலைக்களனாகக் கொண்டு நிகழ்த்தப் புகுகின்றோம். அவ்வூர் எங்குள்ளது என்பதே முதற் பிரச்சினை. 1956 வரை கொள்ளேகாலத்தோடு சென்னை ராஜ்யத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவிலும், பின்னர் மைசூர் ஜில்லாவிலும், 1997 முதல் சாமராஜநகர் ஜில்லாவிலுமாக இருந்துவரும் மார்டள்ளி, இதற்குள் ஓரங்குலமும் நகர்ந்ததில்லை என்பதில் அறிஞர் ஒருமித்துள்ளனர். புகார் மனுவில் எந்த ஜில்லாவை எழுதுவது என்பதில்தான் பூசல்.

பழுது நால்வகைப்படும். பெட்டிப் பழுதுக்கு அணைத்துப் போடுக. பக்கத்தறைப் பழுதாவது, அதே கம்பியில் மாட்டிய பேரலல் போனை வீட்டார் எடுத்து "அலோ" என்பது. பரிகாரம் குடும்ப சாஸ்திரத்தைச் சார்ந்தது.

கம்பிப் பழுதில் இரு மதங்கள் உள. லைன்மேன் ரிசீவரைக் காதில் வைத்து, "டயல் டோன் வருதே சார், லைன் சுத்தமா இருக்கு" என்பார். பெட்டி விற்றவரோ, "பெட்டி புதுசு சார், லைன்லதான் கோளாறு" என்பார். 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மனிதக் குரலுக்கென வகுத்த வழியில், இணைப்பில் மழைநீர் புகுந்து எழும் கரகரப்பை மாமியார் நலம் விசாரிக்கும் காது பொறுத்துக்கொள்ளும், மோடம் பொறுக்காது என்பதால், இருவரும் தத்தம் பிரமாணப்படி மெய்யே உரைக்கின்றனர்.

இனி ஓலம். எதிர்முனை மோடம் முதற்கண் 2100 ஹெர்ட்ஸில் நீள ஒலித்து, வழியிலுள்ள எதிரொலி அடக்கிகளை ஓயச் செய்யும்; இது நேரசை. பின்னெழும் கரகரப்பில் இரண்டும் கம்பியின் தரத்தை அளந்து வேகம் பேசி முடிக்கும், இது நிரையசை. 33,600 நெடிலடி, 28,800 அளவடி, 14,400 சிந்தடி, 9,600 குறளடி. நெடிலடியில் தளை தட்டுமாயின் மோடம் தானே சிந்தடிக்கு இறங்கும். இறங்கக் கூசுவதைக் கட்டளையால் 14,400-க்குள் அடக்கி வைத்தல் நன்று. எஸ்10 என்னும் பதிவை 14-லிருந்து 50 ஆக்கினால், எதிர்க்குரல் 5 வினாடி அற்றாலும் கம்பியை விடாது காத்திருக்கும்; இதனை அளபெடை என்பது, இதுகாறும் எவர் கைக்கும் எட்டாத மோடச் சூத்திரத்தின் செல்லரித்த மூன்றாம் படலத்துக்கு, எழுதவே படாத பழையவுரையின் அடிக்குறிப்பை, மேற்கோளில் மட்டும் கண்ட ஓராசிரியர் கருத்து. ஏடிஎம்0 என்று கட்டளையிட்டு ஒலிபெருக்கியை அடைத்துவிடுதல் புலமைக்கு உலை வைக்கும் செயல். இக்கொள்கை முழுவதையும் மறுத்து நூறு பக்கம் வரைந்த பேரறிஞர், மோடம் ஒலிக்க ஒருமுறையேனும் கேட்டவரல்லர். நம் சர்வகலாசாலைகளில் அதை ஒரு குறையாக எவரும் கொள்வதில்லை.

எஞ்சியது வானப் பழுது. மாதேசுவரன் மலைப் பக்கம் கோடையிடி குமுறும் மாலையில் கம்பியைப் பிடுங்கி வைக்காதவன் பெட்டிக்கு நேருமில்லை, நிரையுமில்லை; கருகல் நாற்றம் ஒன்றே சான்றாய் மிஞ்சும். அந்நாற்றத்தின் காலத்தை நிர்ணயிக்க ஒருவர் முன்னரே ஆய்வேட்டுக்குப் பதிவு செய்துகொண்டபடியால், அதை அவருக்கே விட்டோம்.