முகதாட்சண்ய வட்டி: ஊரப்பாக்கத்து அகக்கடன் மரபு குறித்து ஓர் ஆய்வு

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்ற பழமொழிக்குப் பொருள் சொன்னவர்கள் எல்லாரும் 'கட்டு', 'பண்ணு' என்ற வினைகளோடு நின்றுவிட்டார்கள். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் 'பார்' யார் கண்ணிலும் படவில்லை. கட்டி முடித்தபின் எதைப் பார்ப்பது? சுவரையா, தரையையா? பாஸ்புக்கை என்பதே இவ்வாய்வாளன் கொள்ளும் பாடம். வீட்டையும் கல்யாணத்தையும் ஒரே மூச்சில் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டையும் முடித்த ஒரு தம்பதி ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடுவே ஒரு டைரியை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்காரும் காட்சியைக் கண்டவர்களுக்கு அது விளங்கும்.

ஆய்வுக் களம் ஊரப்பாக்கம். இரண்டாம் மாடி, 850 சதுர அடி, வேறொருவர் குடியிருந்து விற்ற பழைய ஃபிளாட். மாந்தர் இருவர். அகத்திணையில் வருகிறவர்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி என்பதால் அவர்கள் இங்கே தலைவன், தலைவி. அவ்வீட்டின் அடுப்படி வரை ஆய்வாளனுக்குத் தடையில்லாத நுழைவு எப்படிக் கிடைத்தது என்று கேட்பவர்கள், வீட்டுக்கடன் பத்திரத்தில் முதல் கையெழுத்து யாருடையது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இனிப் பாகுபாடு. கடனும் அகம், புறம் என இரண்டே. புறக்கடனுக்கு ஊரும் பேரும் உண்டு. தகப்பன் பெயர், பான் எண், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முப்பது இடத்தில் கையெழுத்து. அகக்கடனுக்கு இவை ஒன்றும் வேண்டாம். கொடுப்பவர் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: "இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." பழமொழியில் நாம் தேடிய 'பார்' இங்கே மீண்டும் தலைகாட்டுவதைக் கவனிக்க. புறக்கடனுக்குக் காலக்கெடு 240 மாதம். 'அப்புறம்' என்பது எத்தனை மாதம் என்பதை எந்த நிகண்டும் சொல்லவில்லை.

அகக்கடன் தோன்றும் இடம் பத்திரப் பதிவு அலுவலகம். வீட்டின் விலை 50 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆகவே வங்கி தந்தது 40 லட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக நாலரை லட்சம். இதை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் கேட்கவும் முடியாது. கையிலிருந்து வரவேண்டியது பதினாலரை லட்சம். கையில் இருந்தது ஏழு. இந்த ஏழுக்கும் பதினாலரைக்கும் நடுவிலுள்ள நிலப்பரப்பில்தான் உறவினர்கள் வசிக்கிறார்கள்.

தலைவியின் நகை பத்துப் பவுனை இரண்டு சீட்டாக வைத்து 3 லட்சம். தலைவியின் அண்ணன் 2 லட்சம். இருபது பேர் சேர்ந்து மாதம் 15,000 கட்டும் ஏலச் சீட்டை ஒரு லட்சம் தள்ளி எடுத்ததில் 2 லட்சம். தலைவனின் அலுவலகப் பாங்கன் 50,000. சமையலறைக்குக் கப்போர்ட் போட்ட 80,000 இதில் சேராது. அது கிரெடிட் கார்டில் ஏறியது. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் முன்னால் பாத்திரத்தைத் தரையில் அடுக்குவது எப்படி என்று தலைவனே கேட்டதாக டைரியில் குறிப்பு இருக்கிறது. கையெழுத்து தலைவியுடையது.

வீட்டுக்கடனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது இயற்கை நிகழ்ச்சி போன்றது. எட்டரை விழுக்காடு வட்டி, இருபது வருடம், மாதத் தவணை 34,713. முதல் தவணையில் வட்டி 28,333. அசலுக்குப் போனது 6,380. ஒரு வருடம் முழுக்கக் கட்டிய 4 லட்சத்துச் சொச்சத்தில் அசல் குறைந்தது 80,000-க்கும் சற்றுக் குறைவு. சதுர அடி விலையால் வகுத்தால் முதல் வருடத்தில் அவர்களுக்கு உரிமையானது பதின்மூன்றரைச் சதுர அடி. வாசல் மிதியடியும் செருப்பு ஸ்டாண்டும் அதில் அடங்கும். தவணையில் அசலின் பங்கு வட்டியின் பங்கைத் தாண்டுவது 143-ஆவது மாதத்தில். அன்று பாயசம் வைக்க வேண்டும் என்று தலைவன் சொல்லியிருக்கிறான்.

மூல ஆவணம் ஒரு நகைக்கடை கொடுத்த டைரி. அடகில் இருக்கும் நகைகளின் கணக்கை நகைக்கடை டைரியில் எழுதுவதிலுள்ள இரக்கமின்மையைத் தம்பதி உணர்ந்ததாகத் தெரியவில்லை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. இடப்பக்கம் தலைவன் எழுதுவது, வலப்பக்கம் தலைவி எழுதுவது. இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸில் அச்சேற்றிய லூக்கா பச்சோலி பற்றையும் வரவையும் எதிரெதிரே வைத்தார். ஊரப்பாக்கத்தில் எதிரெதிரே இருப்பவை தலைவன் செலவழித்ததாகச் சொல்வதும், தலைவன் செலவழித்ததாகத் தலைவிக்குத் தெரிந்ததும்.

பால், மளிகை, ஸ்கூல் வேன், மெயின்டனன்ஸ், கேன் தண்ணீர் என்று ஒழுங்காக இறங்கும் பட்டியல் 'இதர' என்ற சொல்லில் வந்து உடைகிறது. முதல் மாதம் இதர 500. மூன்றாம் மாதம் 6,400. அபார்ட்மென்ட் மோட்டார் காயில் எரிந்ததற்குப் பங்கு, இரண்டு கல்யாண மொய், ஒரு வளைகாப்பு, தலைவனின் அம்மாவுக்கு முழங்கால் எக்ஸ்ரே எல்லாம் இதர. வாழ்க்கையில் முக்கியமானவை அத்தனையும் இதரவில் இருப்பதை ஆய்வாளன் பதிவுசெய்கிறான், விளக்க முற்படவில்லை.

இப்போது மையச் சிக்கல். எந்தக் கடனை முதலில் அடைப்பது? கணக்குத் தெரிந்தவர்கள் வட்டி அதிகமானதை முதலில் அடை என்பார்கள். மனம் தெரிந்தவர்கள் சின்னதை முதலில் அடைத்துத் தெம்பு தேடிக்கொள் என்பார்கள். முதல் கொள்கைப்படி கிரெடிட் கார்டு முந்த வேண்டும்: 'மினிமம் டியூ' மட்டும் கட்டிவந்த அந்த 80,000-க்கு மாதம் மூன்றரை விழுக்காடு, அதாவது 2,800 ரூபாய். அந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனி. இரண்டாம் கொள்கைப்படி பாங்கனின் 50,000. தம்பதி முதலில் அடைத்தது வட்டியே இல்லாத 2 லட்சத்தை. போனஸ், லீவ் பணம், தலைவனின் பைக் எல்லாம் சேர்ந்து பத்தே மாதத்தில் மச்சான் கடன் தீர்ந்தது.

ஏன்? பால் காய்ச்சிய அன்று மச்சான் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கப்போர்டெல்லாம் பிரமாதமா இருக்கு மாப்ள" என்றார். இதில் குற்றம் காண ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அன்றிரவு தலைவன் தூங்கவில்லை. அடுத்த தடவை அவர் வருவதற்குள் புது சோஃபா உறையைக் கழற்றிப் பழையதை மாட்டினார்கள். அவர் போன் செய்தால் தலைவன் இரண்டாவது மணிக்குள் எடுத்தான். வங்கி கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. கடன்காரன் மனக்கலக்கத்தை இராவணனுக்கு உவமையாக்கும் வரியைக் கம்பர் பாடியதாக மேடைதோறும் சொல்கிறார்கள். கம்பராமாயணத்தில் அது கிடையாது. வேறு யாரோ பட்ட கடன் கம்பர் கணக்கில் ஏறியிருக்கிறது. தலைவனின் கலக்கத்துக்கு மூலபாடச் சிக்கல் எதுவும் இல்லை.

இந்த நிகழ்வுக்கு ஆய்வாளன் இடும் பெயர் முகதாட்சண்ய வட்டி. இதை அளக்கவும் முடியும். கார்டைத் தள்ளி வைத்து மச்சானை முந்தவிட்டதால் மாதம் 2,800, ஆண்டுக்கு 33,600. 2 லட்சத்தின் மேல் அது 16.8 விழுக்காடு. வட்டியில்லாக் கடன் என்று உலகம் சொல்லும் ஒன்று வீட்டுக்கடனைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வட்டி வாங்கியிருக்கிறது. வாங்கியவருக்கே அது தெரியாது. வட்டி எதற்கு? நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதற்கு.

இலக்கணச் சான்றும் உண்டு. கேட்பவன் தாழ்ந்தவன் என்றால் 'ஈ', நிகரானவன் என்றால் 'தா', உயர்ந்தவன் என்றால் 'கொடு' என்பான் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுக்கிறது. வங்கியிடம் விண்ணப்பித்தபோது தலைவன் பேசியது, எந்த மொழியில் பேசியிருந்தாலும், 'ஈ'. மச்சானிடம் கேட்டபோது 'தா'. மச்சான் திருப்பிக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடியது 'கொடு'. நிகராக இருந்த ஒருவர் ஒரே வினைச்சொல்லில் உயர்ந்தவராகிவிடுவார். அவர் கேட்கவே இல்லை என்பதுதான் கொடுமை. கேட்காத 'கொடு' நாளெல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது.

எதிர்வாதம் ஒன்று பேராவூரணியிலிருந்து வந்தது. தலைவனின் பெரியப்பா போனில், "ஆவணில ஒரு மொய் விருந்து போட்டுருப்பா, ஒரே நாள்ல எல்லாம் அடைஞ்சுரும்" என்றார். அந்தப் பக்கத்தில் அது சீரான ஏற்பாடு. ஆட்டுக்கறிச் சோறு, வரிசையாக மேசை, பெயரும் தொகையும் ஏறும் நோட்டு. வாங்கியவர் பின்னால் அவரவர் விருந்தில் கூடுதலாகச் செய்ய வேண்டும். உறவுக்குள் நடந்தாலும் பெயர் எழுதப்படுவதால் இது அகமும் இல்லை, புறமும் இல்லை. தலைவி ஒரு வரியில் முடித்தாள்: "பேங்க்காரன் இருபது வருஷத்துல விட்டுருவான்ங்க. உங்க ஊரு விடாது."

நகைக்கடனுக்கு வருவோம். நகை வங்கியில் இருக்கிறது என்பது தம்பதிக்கும் மதிப்பீட்டாளருக்கும் மட்டும் தெரிந்த செய்தி. கழுத்தில் இருப்பது கவரிங். வருடம் முடிந்ததும் அசலும் வட்டியும் கட்டித் திருப்பி மறுபடி வைக்கச் சொன்னபோது, ஒரே நாளுக்கு அசலைப் புரட்டப் பட்ட பாட்டைத் தனிக்கட்டுரையாக எழுத வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் வரும்போதெல்லாம் தலைவிக்குக் காய்ச்சல் வந்தது. 2025 தை மாதம் வந்த கல்யாணத்துக்குக் காய்ச்சல் வர வழியில்லை. மணப்பெண் அவள் அண்ணன் மகள், இவள் அத்தை.

பத்து நாள் இருக்கும்போது அண்ணன் தனியாக வந்தார். தலைவன் வீட்டில் இல்லாத நேரம். காப்பி குடித்தார், கப்போர்டைப் பார்க்கவில்லை. "ஆரம் எந்த பேங்க்ல இருக்கு?" என்றார்.

"எந்த ஆரம்?"

"அம்மா போட்ட ஆரம். நாலு பவுன்."

டம்ளருக்கு அடியில் 1,20,000 வைத்துவிட்டுப் போனார். "இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

கல்யாணத்தில் தலைவி ஆரத்தோடு முன்வரிசையில் நின்றாள். புகைப்படத்தில் தலைவன் பாதி முகம்தான் தெரிகிறது; ஆரம் முழுதாகத் தெரிகிறது. திங்கட்கிழமை காலை இருவரும் வங்கியில் இருந்தார்கள். மதிப்பீட்டாளர் ஆரத்தைக் கல்லில் உரசி, எடை போட்டு, பவுன் விலை ஏறியிருப்பதால் இம்முறை அறுபதாயிரம் சேர்த்தே வாங்கலாம் என்றார். தலைவன் வாயைத் திறந்தான். கிரெடிட் கார்டு அவன் நினைவில் இருந்திருக்க வேண்டும். கணக்குப்படி அது சரியும்கூட.

"போன தடவை எவ்வளவோ அவ்வளவு போதும் சார்" என்றாள் தலைவி.

அன்றைய தேதியில் டைரியின் வலப்பக்கம்: அண்ணன் 1,20,000, கொடுத்தாச்சு. இடப்பக்கம் தலைவன் கையெழுத்தில்: இதர, பேங்குக்கு ஆட்டோ, 150.